கதவைச் சாத்திய ரமாபாய்

ரமாபாய் வீட்டுக் கதவு பகலில் சாத்தி யாரும் பார்த்ததில்லை. அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தில் கரி அள்ளிப் போட்டே நெஞ்சு கெட்டு வீட்டோடு உட்கார்ந்துவிட்ட அவள் புருஷன் பீம்ராவுக்கு அந்தக் கதவுதான் உலகம். போற வர்றவங்களை வம்புக்கு இழுக்காவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது.

போன மழைக்காலத்தில் மூச்சு முட்டி ஆஸ்பத்திரியில் கிடந்தான். "வீட்டுக் காத்தையாவது சுத்தமா வெச்சுக்கோங்க. அடுத்த தடவை தாங்காது" என்று டாக்டர் சொல்லிவிட்டார். ரமாபாய் காதுத் தோட்டை விற்று, காற்றைச் சுத்தம் பண்ணுகிற மிஷினை வாங்கிவந்து கட்டிலருகே வைத்தாள். காற்று நல்லாயிருந்தால் நீல விளக்கு, கெட்டால் சிவப்பு. கதவு ஜன்னலைச் சாத்தினால்தான் அது வேலைக்கு ஆகும்.

"பொணம் வெச்ச வூடு மாதிரி கீது" என்றான் பீம்ராவ்.

"பொணம் வெக்கக் கூடாதுன்னுதான் சாத்திகினு கீறேன். கம்முனு கெட."

ஊதுவத்தியை நிறுத்தினாள். கொசுவத்தியைத் தூக்கி எறிந்தாள். ஆனால் சாயங்காலமானால் சாம்பல் லாரி ஓட்டுகிற அப்சல் வந்துவிடுவான். பழைய தோஸ்து. அவன் சட்டையை உதறி உட்கார்ந்ததும் விளக்கு சிவந்துவிடும், பீம்ராவ் இருமியே துவண்டுபோவான்.

ஒருநாள் வாசலிலேயே மறித்தாள். "பாய், கொழாயாண்ட குளிச்சுட்டு, இந்தக் கைலிய மாத்திகினு உள்ள வா." அக்கம்பக்கமெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தது. "ஆவட்டும் தங்கச்சி" என்று திரும்பியவன்தான், அப்புறம் வரவேயில்லை.

பீம்ராவ் திட்டவில்லை. பேச்சையே விட்டுவிட்டான். தட்டில் பாதிச் சோறு அப்படியே கிடக்கும். "சந்தோசமா? வெளக்கு நீலமாத்தான் எரியுது" என்றான் ஒருநாள்.

அது அவளைக் குத்தியது. சின்ன வயசில், அம்மா பாத்திரம் தேய்த்த வீடுகளில் அவளையும் இப்படித்தான் வாசலோடு நிறுத்தினார்கள். அன்றைக்கே லாரி நிற்கிற இடத்துக்குக் கிளம்பிப் போனாள்.

"உன் மேல கீற தூசிதான் ஆவாது பாய், நீ ஆவாதவன் இல்ல. அவருக்கு மூச்சும் வேணும், நீயும் வேணும்."

"நாலு பேரு எதிர்ல சொன்னியே தங்கச்சி."

"அது தப்புதான். ஆனா குளிச்சுட்டுத்தான் வரணும். அதுல மாத்தமில்ல."

அப்சல் டயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சாயங்காலம் கதவு தட்டுகிற சத்தம் கேட்டது. தலை சொட்டச் சொட்ட, வெளுத்த சட்டையில் அப்சல் நின்றான். ரமாபாய் ஆள் நுழையுமளவு திறந்து, உடனே சாத்தினாள்.

"இன்னா மாமு, பொண்ணு பாக்க வந்தியா?" என்று பீம்ராவ் வாய்விட்டுச் சிரித்தான். சிரிப்பு இருமலாக மாறியது. மிஷினில் நீலம்தான் எரிந்தது, இருமல் நிற்கவில்லை. அப்சல் அவன் முதுகைத் தடவ, ரமாபாய் தாழ்ப்பாளில் வைத்த கையை எடுக்காமல் நின்றாள்.