பக்கத்துப் பல்கனி விசில்

கனடாவில், ஸ்காபரோவில் நாங்கள் குடியிருந்த ஒன்பதாம் மாடியில் அப்பாவுக்கு ஒரேயொரு எதிரி இருந்தார். மெக்சிகோவிலிருந்து வந்த பக்கத்துப் பல்கனிக்காரர். கட்டையான மனிதர், கலியாணம் ஆகாதவர். வேலையால் வந்ததும் பல்கனியில் நின்று விசிலடிப்பார். ஊரிலிருந்து புதிதாக வந்திருந்த என் சித்தி எங்கள் பல்கனியில் காயும் துணி எடுக்கப் போவதும் அதே நேரத்தில்தான்.

"குமர்ப்பிள்ளை இருக்கிற வீட்டைப் பாத்து விசிலடிக்கிறான். நாளைக்கு பில்டிங் சூப்பரின்ரெண்டனிட்டச் சொல்லி உவனை வீட்டை விட்டு எழுப்பிறன்," என்றார் அப்பா. சித்தி போட்ட துணி மட்டும் தினமும் அந்த நேரம் பார்த்தே காய்ந்தது.

மறுநாள் தம்பியைத் தொலைத்தேன். கீழே ஊஞ்சலை விட்டு இறங்க மனமில்லாமல் ஆடிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் நாலு வயதுக்காரனைக் காணவில்லை. நான் அழுதுகொண்டு மேலே ஓடிவர, அப்பா பல்கனியில் நின்று அவன் பெயரைச் சொல்லிக் கத்தினார். பக்கத்துக்காரர் எட்டிப் பார்த்தார். அப்பா கோபத்தை விழுங்கிக்கொண்டு, "ஸ்மோல் போய், றெட் தொப்பி," என்று தன் தலையைத் தொட்டுக் காட்டினார்.

அவர் விசிலடித்தார். இழுத்து, வெட்டி, ஏற்றி, இறக்கி நீளமாக அடித்தார். எதிர்க் கட்டடத்துப் பல்கனியிலிருந்து பதில் விசில் வந்தது. "மை பிரதர்," என்றார். அந்தச் சகோதரர் கீழே இறங்கி ஓடுவது தெரிந்தது. நாங்கள் காத்து நின்றோம். கடைசியில் கடைகள் இருக்கும் பிளாசாப் பக்கமிருந்து ஒரு விசில் கேட்டது. ஒருவரும் கண்ணுக்குத் தெரியவில்லை.

பக்கத்துக்காரர் சிரித்தார். "ஸ்மோல் போய் ஓகே. வன் ஷூ. டோனட் ஈட்டிங்."

அப்பா நம்பவில்லை. ஆனால் அந்தச் சகோதரர் தம்பியைத் தூக்கி வந்தபோது ஒரு காலில் சப்பாத்து இல்லை. வாயெல்லாம் சீனி.

விசிலில் அவர்கள் பேசிய மொழியின் பெயர் சினான்டெக் என்பது பல வருடம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. குரலின் ஏற்ற இறக்கத்தில் சொல்லே மாறிவிடுமாம். அதனால் அந்த ஏற்ற இறக்கத்தை மட்டும் விசிலடித்தே பேசிவிடலாமாம். ஒரு மலைச்சரிவில் நிற்பவர் மறுசரிவில் நிற்பவரோடு இப்படித்தான் கதைப்பார் என்றும், தான் தினமும் சகோதரரோடு கதைப்பதும் இப்படித்தான் என்றும் பக்கத்துக்காரர் அன்றைக்கே கையால் காட்டி அப்பாவுக்கு விளங்கப்படுத்தினார்.

அப்பாவுக்கு இரட்டை நிம்மதி. "உவன் எங்கட குமர்ப்பிள்ளைக்கு விசிலடிக்கேல்லை. இரவைக்கு என்ன சமையல் எண்டு சகோதரத்திட்டக் கேட்டிருக்கிறான்!" என்று வீடெல்லாம் சொல்லிச் சிரித்தார். வேலையால் வந்த அம்மாவும் சிரித்தார். அடி தப்பிய சந்தோஷத்தில் நானும் சிரித்தேன். சித்தி மட்டும் குளியலறைக்குள் போய், தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதார். தம்பிதான் கிடைத்துவிட்டானே, இனி என்ன அழுகை என்று கதவைத் தட்டித் தட்டிக் கேட்டேன்.