எந்தக் கோயில் சிலை?

பழைய உற்சவ மூர்த்திகளில் எனக்குப் பிடித்தது அந்த இடுப்பை ஒடித்து நிற்கும் நிலை. அதே நிலையில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் ஒரு பெண்ணை வெண்கலத்தில் வார்த்தேன். முகம் வைக்கவில்லை, முட்டை மாதிரி வழவழவென்று விட்டுவிட்டேன். அமிலம் தடவிப் பச்சைக் களிம்பு ஏற்றியதும் நான்தான். சிதம்பரத்தில் நடந்த கண்காட்சிக்கு அவளைக் குட்டி யானை வண்டியில் ஏற்றிக்கொண்டு விருத்தாசலத்திலிருந்து கிளம்பினேன்.

சேத்தியாத்தோப்பில் வண்டிச் சோதனை. வைக்கோலை விலக்கிப் பார்த்த ஏட்டு, சட்டென்று செருப்பைக் கழற்றிவிட்டார்.

"எந்தக் கோயிலுதும்மா இது?"

"கோயிலுது இல்லைங்க. நான் செஞ்சது. பஸ்ஸுக்கு நிக்கிற ஒரு பொம்பளைங்க."

"பொம்பளைன்னா மூஞ்சி எங்க? திருடனுங்க தேச்சுட்டானுங்களா?"

ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள். பீடத்துக்கு அடியில் இருந்த என் கையெழுத்தைக் காட்டினேன். "பேர யாரு வேணா வெட்டலாம்" என்றார் இன்ஸ்பெக்டர். களிம்பு நான் ஏற்றியது என்றேன். "புதுச எதுக்கும்மா பழசாக்குறீங்க?" என்றார். சந்தேகம் கூடியதுதான் மிச்சம். வெளியே போய் வீட்டுக்காரருக்குப் போன் போட்டுவிட்டுத் திரும்பினால், பெருக்க வந்த அம்மா சிலையின் நெற்றியில் குங்குமம் வைத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். கை வலிக்க வலிக்க மெருகேற்றிய நெற்றி! கத்தலாம் போலிருந்தது. ஸ்டேஷனில் யாரிடம் கத்துவது?

என் வீட்டுக்காரர் விருத்தாசலத்தில் பீங்கான் பட்டறை வைத்திருக்கிறார். என் அச்சுகளைச் சுடுவது அவர் சூளையில்தான். இந்தச் சிலையை வார்த்தபின் உடைத்துப்போட்ட மண் அச்சைக் கோணிப்பையில் அள்ளிக்கொண்டு பைக்கில் வந்து சேர்ந்தார்.

"வூட்டுல ஒக்காந்து கப்பு சாசர் செஞ்சிருந்தா இந்தத் தொல்லை உண்டா?" என்று என்மேல் எரிந்து விழுந்துவிட்டு, துண்டுகளை எடுத்துச் சிலையின் முதுகில் ஒவ்வொன்றாக வைத்தார். தோள், பின்னல், புடவை மடிப்பு எல்லாம் கச்சிதமாகப் பொருந்தின. இன்ஸ்பெக்டரும் குனிந்து ஒரு துண்டை வைத்துப் பார்த்தார்.

"சரி, கெளம்புங்க. ஆனா சாமி இல்லன்னு மட்டும் சொல்லாதீங்கம்மா."

கண்காட்சித் திறப்பு விழா அதற்குள் முடிந்திருக்கும். நான் வண்டியில் ஏறினேன். வீட்டுக்காரர் பைக்கை ஸ்டேஷன் வாசலிலேயே ஓரங்கட்டிவிட்டு, கோணிப்பையோடு என் பக்கத்தில் நெருக்கி உட்கார்ந்தார்.

"நீங்க எங்க வரீங்க?"

"வழில இன்னொருத்தன் மறிச்சா? தள்ளி ஒக்காரு."

சிதம்பரம் போய்ச் சேரும்வரை திட்டிக்கொண்டேதான் வந்தார்.