சாம்பிள் பையோடு இறங்கிய மலை

காலை 7.10. சேலத்தில் ஏற்காடு பஸ் ஏறினேன். டிக்கெட் பதினேழு ரூபாய். இருபது கொண்டை ஊசி வளைவுகள், வயிற்றைப் புரட்டும் என்று பக்கத்து இருக்கைக்காரர் ஓர் எலுமிச்சம்பழம் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். என் வயிற்றில் இருந்தது எலுமிச்சைக்கு அடங்குகிற வகையில்லை என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

ஊர் சுற்றப் போகிறேன் என்றுதான் வீட்டில் சொல்லியிருந்தேன். எங்கள் அலுமினியக் கம்பெனியின் பழைய ஊழியர்கள் ஒரு நினைவு மலர் போடுகிறார்கள். கம்பெனியின் வரலாற்றை எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. முப்பத்தைந்து வருடம் அங்கே ஆய்வுக்கூடத்தில் குப்பை கொட்டியவன் அல்லவா? சுதந்திரத்துக்குப் பின் நாட்டுக்குக் கரண்டுக் கம்பி வேண்டும், பாத்திரம் வேண்டும் என்று எழும்பிய ஆலைகளில் எங்களுடையதும் ஒன்று. ஆலை சமவெளியில், அதற்கான கல் சேர்வராயன் மலை உச்சியில். மேல்மண்ணை வழித்தால் செங்கல் நிறத்தில் பாக்சைட் கிடக்கும். ஏறக்குறைய நாலு டன் கல்லுக்கு ஒரு டன் அலுமினியம். இதையெல்லாம் ஒரே மூச்சில் எழுதிவிட்டேன். அடுத்து மலையில் வேலை பார்த்தவர்களைப் பற்றி எழுத வேண்டும். அந்த இடத்தில் மூன்று வாரமாகப் பேனா நகரவில்லை.

8.40. ஏற்காட்டில் ஒண்டிக்கடை நிறுத்தத்தில் இறங்கினேன். மிளகுப்பொடி தூவிய மிளகாய் பஜ்ஜி இரண்டு, ஒரு டீ. மைன்ஸில் கல் பொறுக்கிய செல்லாயி இருக்கிறாரா என்று டீக்கடைக்காரரிடம் கேட்டேன். கரடியூர்ப் பக்கம் இருப்பதாகச் சொல்லி, அங்கிருந்து திரும்ப நாலு மணி பஸ்ஸை விட்டால் நடைதான் என்று எச்சரித்தும் அனுப்பினார்.

11.00. முதலில் மைன்ஸ் மேட்டுக்குப் போனேன். வெட்டிய இடமெல்லாம் சவுக்கும் சில்வர் ஓக்கும். ஒரு பள்ளத்தில் மழைத்தண்ணீர் செக்கச்செவேலென்று நின்றது. அந்தக் காலத்தில் இங்கே ஆறு பெண்கள் ஒரு செட்டு. உடைத்த கல்லைக் கையில் உருட்டி எடை பார்ப்பார்கள், கட்டைவிரல் நகத்தால் கீறுவார்கள். கீறல் வழவழவென்று விழுந்தால் களிமண் கலந்த கல், தூக்கி எறிய வேண்டும். களி சேர்ந்த கல் ஆலைக்குப் போனால் கல்லைக் கரைக்கிற காஸ்டிக் சோடா வீணாகும். செல்லாயி செட்டின் தலைவி. அவர் தள்ளிய கல்லை யாரும் திரும்பத் தொட்டதில்லை.

நான் சாம்பிள் எடுக்க வருகிறவன், புதுசு, வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. ஒருநாள் தூறல். ஒவ்வொரு செட்டின் குவியலிலும் அள்ளிய உடனே பைக்குள் அந்தச் செட்டின் பெயர்ச் சீட்டைப் போட வேண்டும் என்பது விதி. கீழே போகிற லாரி கிளம்பிவிடுமோ என்ற அவசரத்தில், சீட்டை லாரியில் உட்கார்ந்து எழுதிக்கொள்ளலாம் என்று ஓடினேன். எழுதினேன், ஒரு செட்டின் பைக்கு இன்னொரு செட்டின் பெயரை மாற்றி எழுதினேன். செல்லாயி செட்டின் குவியல் முழுக்கக் களி என்று அறிக்கை போயிற்று. ஆறு பேருக்கும் வேலை போயிற்று. அடுத்த வாரமே மறு சாம்பிளில் எனக்கு உண்மை தெரிந்துவிட்டது. தெரிந்தும் கமுக்கமாக இருந்தேன். அந்த மாதம்தான் என் வேலை நிரந்தரமானது. வெட்கங்கெட்டவன், ஆபீசில் எல்லோருக்கும் லட்டு கொடுத்தேன்.

2.45. செல்லாயி வீடு. எழுபத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். பார்த்ததுமே, "சாம்பிள் எடுக்க வர்ற தம்பி தானுங்களே?" என்றார். அலுமினியப் போசியில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார், கருப்புக் காப்பி போட்டுக் கொடுத்தார். மைன்ஸுக்குப் பின் எஸ்டேட் வேலைக்குப் போனதைச் சொன்னார்.

"அன்னைக்கப்புறம் எங் கையை நானே நம்பறதில்லீங்க. காப்பிக்கொட்டை பொறுக்கினாக்கூட கணக்கெழுதற ரைட்டருகிட்ட ரெண்டு தரம் காட்டுவேனுங்க. நொம்ப நல்ல கல்லுன்னு நெனச்சுத்தான் அன்னைக்கு சேர்த்தேன்."

காப்பி டம்ளரைக் கீழே வைத்தேன். சொல்லாமல் எழுந்து வந்துவிடலாமா என்றுகூட யோசித்தேன், அதையும் எழுதிவிடுகிறேன். மூன்றரை மணிக்குத்தான் வாய் திறந்தது. சீட்டு, லாரி, மறு சாம்பிள், லட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வலது கையை மடியில் வைத்து விரித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். திட்டியிருந்தால் தேவலை.

"எங்கிட்டச் சொல்லி என்னங்க ஆவுது? மூணாவது ஊட்டுல எங்க ஓரகத்தி கந்தாயி இருக்கறா. அவளும் எங்க செட்டுத்தான். என்னாலதான் வேலை போச்சுன்னு அன்னையிலிருந்து பேச்சில்லை. மத்த நாலு பேரும் போய்ச் சேர்ந்துட்டாங்க. அவகிட்ட வந்து சொல்லுங்க."

நாலு மணிக்கு பஸ் என்றேன். கேட்டதும் அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அன்னைக்கும் நீங்க லாரியப் புடிக்கோணும்னுதானுங்க ஓடுனீங்க."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. எழுந்து அவர் பின்னாலேயே நடந்தேன்.

3.47. கந்தாயி வாசலில் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தார். செல்லாயி தெருவிலேயே நின்றுவிட்டார். நான் நின்றபடியே சொன்னேன். தவறு என்னுடையது, செல்லாயி பொறுக்கியது நல்ல கல், தெரிந்தும் மறைத்தேன். கந்தாயி என் முகத்தைப் பார்க்கவேயில்லை. முறத்தை ஓரமாக நகர்த்தி, பக்கத்தில் இடம் பண்ணினார்.

"வந்து உக்காரு, அக்கா," என்றார் தெருவைப் பார்த்து.

செல்லாயி போய் உட்கார்ந்தார். ஒரு பிடி அவரைக்காயை அள்ளி உரிக்க ஆரம்பித்தார். நான் அங்கே நிற்பதை இருவரும் மறந்துவிட்டார்கள், அல்லது மறந்ததாகக் காட்டிக்கொண்டார்கள். விடைபெறத் தைரியம் இல்லாமல் நகர்ந்தேன்.

தெருமுனையில் பஸ் நிற்கும் இடத்துக்கு வந்து கடிகாரத்தைப் பார்த்தேன். 3.54. இரண்டு பெண்களை ஒரே தெருவில் ஒரு வாழ்நாள் முழுக்கப் பேசாமல் வைத்திருந்ததைச் சொல்லி முடிக்க எனக்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. பஸ் இன்னும் வந்திருக்கவில்லை. வந்தபோது முதல் ஆளாக ஏறினேன். ஜன்னலோரத்து இருக்கையே கிடைத்தது.