வெர்லின் வீட்டு போன்

எங்கள் ஊரில் முதலில் ஸ்கேனர் வாங்கியவன் நான்தான். தீயணைப்புக்காரர்களும் போலீசும் பேசிக்கொள்வதை வீட்டில் உட்கார்ந்தே கேட்கிற ரேடியோ அது. ஆனால் தீயணைப்பு நிலையத்தில் சங்கு ஊதியதும், இண்டியானாவின் அந்த மூலையில் எல்லாரும் போன் போட்டது வெர்லின் ஸ்டக்கிக்குத்தான். அது இன்னும் எனக்கு ஆறவில்லை.

என் பெட்டியில் நாலு சேனல், அவனுடையதில் எட்டு. ஒவ்வொரு சேனலுக்கும் தனியாக ஒரு கிரிஸ்டல் வாங்கிச் சொருக வேண்டும். பக்கத்து மாவட்டத்துக்கான கிரிஸ்டலும் அவனிடம் இருந்தது. தானிய ஆலையில் மூட்டை தூக்கிவிட்டு வந்து, அழுக்குச் சட்டையோடு அதன் முன்னால் உட்காருவான். சிவப்பு விளக்குகள் வரிசையாக ஓடி, பேச்சு வருகிற சேனலில் நிற்கும். போனில், "பயப்படாதம்மா, வைக்கோல்தான் எரியுது, ஆளுங்களுக்கு ஒண்ணுமில்ல" என்பான்.

என் மனைவி மார்வாகூட அவனிடம்தான் கேட்பாள்.

"ஏன், நான் சொல்லமாட்டேனா?"

"நீ முதல்ல உன் ஆன்டெனா பெருமையப் பேசி முடிக்கணும். அதுக்குள்ள தீயே அணைஞ்சிரும்."

சாவதற்கு முந்தின வருஷம் வெர்லினுக்குக் காது அடியோடு போயிற்று. இனி போன் எனக்குத்தான் வரும் என்றிருந்தேன். ஒரு நாள் அவனே என் வாசலில் வந்து நின்றான். அவன் என்னிடம் கடைசியாகக் கேட்டது இதுதான்:

"யோவ் லாயல், சங்கு ஊதுனா என் வீட்டுக்கு ஓடி வந்துரு. ரேடியோவக் கேட்டு எனக்கு எழுதிக் காட்டு. போன்ல நான் பேசிக்கறேன். அவங்க கேக்கறது எப்பவும் ஒரே கேள்விதான், அது என் காதுல விழணும்னு இல்ல."