உப்பு பார்த்த இடம்

வேலை பார்க்கும் இடத்தில் அவளுக்குக் ‘காதம்மா’ என்று பெயர். காது டாக்டர் விளையாட்டாக வைத்தது, ஒட்டிக்கொண்டுவிட்டது. கண்ணாடி அறைக்குள் ஆளை உட்காரவைத்து, ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுப்பாள். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும். அவள் எதுவும் அனுப்பாதபோதும் சிலர் அழுத்துவார்கள். பொய் சொல்லும் எண்ணமெல்லாம் இருக்காது. எங்கே தவறவிட்டுவிடுவோமோ என்ற பதைப்பில் கட்டைவிரல் முந்திக்கொள்ளும். அந்த மாதிரி ஆட்களை அவள் முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவாள். அவளும் அந்த ரகம்தான். வீட்டைப் பூட்டிவிட்டு, பூட்டை இழுத்துப் பார்த்து, லிஃப்ட் வரை போய், திரும்பி வந்து இன்னொரு முறை இழுத்துப் பார்க்கிறவள்.

மூன்றாவது மாடியில் வாடகை வீடு. பல வருஷமாகத் தனிக்கட்டை. அந்த வீட்டுக்குள் பூனைக்குட்டி வந்ததற்குக் காரணம் பூனையக்கா. தெருவில் விடப்பட்ட பூனைகளைத் தேற்றி, நல்ல வீடு பார்த்துக் கொடுக்கிறவள். காது சோதனைக்கு வந்தவள், முடிந்து எழுந்தபோது அவள் கைப்பை முனகியது.

“ரெண்டு மாசம் வெச்சிருங்க. தேறினதும் நானே ஆள் பாத்துக் குடுத்துடுறேன்.”

“எனக்குச் செடியே வளக்கத் தெரியாதுங்க.”

“செடி வாயத் திறந்து கேக்காது, வாடிப்போயிடும். இது பசிச்சா கத்தியே கொன்னுடும். இதுதான் சுலபம்.”

வண்டி நிறுத்துமிடத்தில் ஓர் அட்டைப்பெட்டிக்குள் கிடந்ததாம். பெட்டியைச் சுற்றி டேப் ஒட்டியிருந்தது. மூச்சு விட ஓட்டையும் போட்டிருந்தது. இரண்டையும் செய்தது ஒரே கைதானா என்று காதம்மா அன்று முழுவதும் யோசித்துக்கொண்டிருந்தாள்.

“பேர் மட்டும் வெச்சிடாதீங்க. வெச்சா விட மனசு வராது,” என்று சொல்லித்தான் கொடுத்தாள் பூனையக்கா. வெந்நீர் பாட்டிலைத் துண்டில் சுற்றிப் பக்கத்தில் வைத்து, ஊசியில்லாத சிரிஞ்சில் சொட்டுச் சொட்டாகப் பால் புகட்டும்போது, உள்ளங்கையில் ஒரு பிடி உப்பை வைத்திருப்பதுபோல் இருந்தது. அதனால் உப்பு.

வெள்ளை உடம்பு, நீலக் கண். ஒருநாள் சமையலறையில் எவர்சில்வர் தட்டு கைநழுவி விழுந்து அவளே துள்ளிக் குதித்தாள். காலடியில் தூங்கிய உப்பு அசையவில்லை. அவளுக்குத் தொழில் புத்தி விழித்துக்கொண்டது. பின்னால் நின்று கைதட்டினாள், விசில் அடித்தாள், சாவிக்கொத்தைக் குலுக்கினாள். சுத்தமாகக் கேட்காது. ஊராரின் காதைச் சோதிக்கிறவளுக்குச் செவிட்டுப் பூனை வாய்த்ததே என்று சிரித்துக்கொண்டாள்.

சிரிப்பு அடுத்த ஞாயிறு மதியம் வரைதான் இருந்தது. கூடத்துக்கும் படுக்கையறைக்கும் நடுவில் உள்ள நடைவழியில், வெயில் விழும் இடத்தில் உப்பு தூங்கிக்கொண்டிருந்தது. சட்டென்று தலையைத் தூக்கியது. யாரோ கூப்பிட்டால் திரும்புகிறவர்கள் எப்படித் திரும்புவார்கள் என்பது அவளுக்கு அத்துப்படி. அப்படித்தான் திரும்பியது. எழுந்தது, முதுகை வளைத்தது, கன்னத்தை வெறும் காற்றில் வைத்து உரசியது. கழுத்திலிருந்து வால்வரை அதன் முடி மெல்லப் படிந்து, மெல்ல எழுந்தது.

மின்விசிறி ஓடவில்லை. ஜன்னல் சாத்தியிருந்தது. கீழ்வீட்டில் மோட்டார் ஓடி, அந்த அதிர்வு தரையில் தெரிகிறதோ என்று அவள் குப்புறப் படுத்து இரண்டு உள்ளங்கைகளையும் தரையில் பதித்துப் பார்த்தாள். தரை தரையாகத்தான் இருந்தது.

தம்பி வேறு ஊரில் இருந்தான். போன் போட்டாள்.

“யாரோ தடவிக் குடுக்கிற மாதிரி நெளியுதுடா.”

“பூனைன்னா அப்படித்தான்க்கா. சுவத்தையே மணிக்கணக்கா பாக்கும். எங்க மேனேஜரும்தான் பாக்கிறாரு, அதுக்காக வேப்பிலையா அடிக்கிறோம்?”

“சுவத்தப் பாக்கலடா. சுவத்துக்கு முன்னாடி பாக்குது.”

தம்பி உடனே, “சாப்டியாக்கா?” என்றான். பயம் வந்தால் அவர்கள் குடும்பத்தில் எல்லோரும் சாப்பாட்டைத்தான் விசாரிப்பார்கள்.

அதற்குப் பிறகு அடிக்கடி நடந்தது. உப்பின் கண் கூடத்தைக் குறுக்கே கடக்கும், சோபாவில் போய் நிற்கும், கொஞ்ச நேரம் கழித்துச் சமையலறை வாசலுக்கு நகரும். நிதானமான நடை. உப்புக்குப் பயம் துளியும் இல்லை. காதம்மாதான் இரவில் விளக்கை அணைக்காமல் படுத்தாள். ஓர் இளம் தம்பதி குட்டியைப் பார்க்க வருகிறார்கள் என்று பூனையக்கா சொன்னபோது, அப்பாடா என்றிருந்தது. குட்டி போனால் இதுவும் போய்விடும், நிம்மதியாகத் தூங்கலாம். வந்தவர்கள் தங்கமானவர்கள். கூடைக்குள் போன உப்பு, அவர்கள் முகத்தையும் பார்க்கவில்லை, அவள் முகத்தையும் பார்க்கவில்லை. அவளுடைய தோளுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டே போனது.

அன்று சாயங்காலம் சோபாவில் உட்காரப் போனவள் பாதியில் நின்றாள். அங்கே காலியாக இருக்கிறதா என்று எப்படித் தெரியும்? உப்பு இருந்தபோது அதன் கண்ணைப் பார்த்தால் போதும். எங்கே இல்லை என்றாவது தெரிந்தது. இப்போது எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். அவள் சுவரோரமாக நடக்கத் தொடங்கினாள். கதவைத் திறந்தால் ஓர் ஆள் நுழையும் நேரம் பிடித்துக்கொண்டு நின்றாள். நாற்காலியை விட்டுவிட்டு நின்றபடியே சாப்பிட்டாள்.

தினமும் காலையில் கருவி சரியாக இருக்கிறதா என்று அவளே கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து கேட்டுப் பார்ப்பது வழக்கம். வெளியே வரவேற்பில் இருக்கும் பெண் விசையைத் தட்டுவாள். அந்த வாரம் ஒருநாள் அந்தப் பெண் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள்.

“காதம்மா, நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல. எதுக்கு அழுத்திக்கிட்டே இருக்கீங்க?”

காதம்மா பொத்தானைக் கீழே வைத்தாள். அன்று சோதனைக்கு வந்தவர்களை முகம் பார்த்துப் பேச முடியவில்லை.

மத்தியானம் பூனையக்காவுக்குப் போன் போட்டாள். “எனக்கு உப்பு வேணும்.”

“பேர் வெச்சிட்டீங்களா?” பூனையக்கா பெருமூச்சு விட்டாள். “குடுத்த பிள்ளையத் திருப்பிக் கேக்கிறது நல்லாவா இருக்கு? சரி, உங்க நல்ல நேரம். அவங்களே காலையில கூப்பிட்டாங்க. குட்டி சாப்பிடலயாம். வாசலையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்காம். உங்களத்தான் தேடுது போல.”

காதம்மா நேராக அந்தத் தம்பதியின் வீட்டுக்குப் போய்க் கூட்டிவந்தாள். கொடுக்கும்போது அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கியிருந்தது. “எங்க வீட்ல எதுவுமே அதுக்குப் பிடிக்கலங்க. ஒரு தடவகூட எழுந்து வரல. ஆள் இல்லாத வீட்ல இருக்கிற மாதிரியே இருந்துச்சு.”

வழியெல்லாம் கூடை அவள் மடியில் கனத்தது. என்னைத் தேடியிருக்கிறது என்று ஒரு நிமிஷம் நினைத்துப் பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது.

கதவைத் திறந்து கூடையை இறக்கினாள். உப்பு வெளியே வந்தது. அவள் நீட்டிய கையைத் தாண்டியது, அவள் காலைத் தாண்டியது, சோபாவின் மேல் தாவியது. வால் விறைத்து நிமிர்ந்தது. முகத்தை அண்ணாந்து காற்றில் இப்படியும் அப்படியும் தேய்த்தது. பிறகு நடுவில் சுருண்டு படுத்தது. அதன் தொண்டையிலிருந்து எழுந்த குர்ர்ரென்ற சத்தம் அவள் நின்ற இடம்வரை கேட்டது.

தேடியது யாரை என்று தெரிந்துவிட்டது. தெரிந்ததும், அவளே எதிர்பார்க்காதபடி, பிடித்துவைத்திருந்த மூச்சு வெளியே வந்தது. ஆள் எங்கே என்று உப்பைப் பார்த்தால் தெரிகிறது; அது போதும். பூனையக்காவைக் கூப்பிட்டு, “இனிமே யாருக்கும் இல்ல, இது இங்கதான்,” என்றாள். ‘எனக்கு’ என்று சொல்ல வாய் வரவில்லை.

கால் வலித்தது. இத்தனை நாள் நின்ற வலி. சோபாவின் அருகில் போனாள். வயது தெரியவில்லை; எதற்கும் இருக்கட்டும் என்று மரியாதையாகவே சொன்னாள்.

“கொஞ்சம் தள்ளி உக்காருங்க. நானும் உக்காரணும்.”

காது கேட்காத உப்பு, மூடியிருந்த கண்ணைத் திறந்து எழுந்தது. ஓரமாக ஒரு முழம் நகர்ந்துபோய், மறுபடி சுருண்டு படுத்தது.