இறங்காதே

மகளின் போனுக்கு வந்த குரற்பதிவில், “வீட்டிலை சொல்லாமல் வாரும்” என்று யாரோ ஒருவனின் குரல் குழைந்தது. அந்தக் குழைவு எனக்குப் பழக்கம்.

கடலோரத்து எங்கள் ஊரான அரியாலையில், எட்டு வயதில் நான் கொய்யாமரத்தில் இருந்தேன். பக்கத்துவீட்டு அக்காமார் இருவர் கீழே நின்று, “இறங்கி வா, தோணியிலை போவம். அம்மாட்டைச் சொல்லாதை” என்றார்கள்.

ஆசை காட்டுகிறவர்களுக்கு ‘இணங்காதே’ என்ற வேதவசனத்தை, ஓய்வுநாட் பாடசாலையில் நான் ‘இறங்காதே’ என்றே பாடமாக்கியிருந்தேன். மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

அக்காமார் ஏறிப்போன தோணி கவிழ்ந்தது. மீன்பிடிகாரர் அவர்களை இழுத்துக் கரைசேர்த்தார்கள்.

“இறங்காதே இல்லைப் பிள்ளை, இணங்காதே” என்று ரீச்சர் பிறகு திருத்தினா. எங்கள் வீட்டில் இன்றும் அந்தப் பிழைதான் வசனம்.

மகளுக்குப் புத்தி சொல்ல வாய் திறந்தேன். அவள் அந்த நம்பரை ஏற்கெனவே தடுத்திருந்தாள்.

“நான் இறங்கேல்லை, அம்மா.”