மாக்கிரட்டின் கட்டைவிரல்

ஒரு சத்தத்துக்கு வாழ்நாள் முழுவதும் பயந்த ஒருத்தி, அந்தச் சத்தத்தைத் தன் கையாலேயே செய்து பெட்டியில் அடுக்கி வைக்க முடியுமா? முடியுமென்றால் அந்தப் பயம் எங்கே போயிற்று? எமிலியானுஸின் மனதில் சில வருடங்களாகக் கிடந்த கேள்வி இது. மனைவியிடம் அவர் அதைக் கேட்டதில்லை. அவளும் தானாகச் சொல்லக்கூடியவள் அல்ல.

மாக்கிரட் மன்னாரில் பிறந்தவள். சிறுவயதில் ஷெல் விழுந்த நாட்களில் பதுங்குகுழிக்குள் குந்தியிருந்து பழகிய உடம்பு அவளுடையது. அந்த உடம்பு மொன்றியலுக்கு வந்த பிறகும் பழக்கத்தை விடவில்லை. கோடைகாலத்தில் ஆற்றங்கரையில் வாணவேடிக்கை விடும் இரவுகளில், லாசாலில் உள்ள அவர்களுடைய வீட்டின் யன்னல்களையெல்லாம் சாத்திவிட்டு, யன்னலே இல்லாத நடைவழியில் நிலத்தில் போய் உட்கார்ந்துகொள்வாள். எமிலியானுஸும் பக்கத்தில் உட்காருவார். அவருக்கும் அதே ஊர், அதே பழக்கம். இருவரும் ஒன்றும் கதைக்கமாட்டார்கள். அந்தத் தம்பதியின் நெருக்கத்தில் பாதி அந்த நடைவழியில்தான் உண்டானது என்று சொன்னால் மிகையில்லை.

டோர்வலில், விமானங்களுக்குச் சாப்பாடு அனுப்பும் பெரிய சமையற்கூடத்தில் அவளுக்கு வேலை. ஒருநாள் அங்கே அலுமினியத் தட்டுகளின் அடுக்கு ஒன்று சரிந்து விழுந்தது. எல்லோரும் திரும்பிப் பார்த்தபோது மாக்கிரட் மேசைக்குக் கீழே இருந்தாள். சிலர் சிரித்தார்கள், சிலர் தண்ணீர் கொண்டு ஓடினார்கள். ஜினெட் என்ற கியூபெக்காரி மட்டும் இரண்டையும் செய்யவில்லை. விழுந்த தட்டுகளைப் பொறுக்கி அடுக்கிவிட்டுத் தன் வேலைக்குப் போனாள். சில வாரங்களுக்குப் பிறகு, மதியச் சாப்பாட்டு நேரத்தில், தான் ஒரு துப்பாக்கிச் சுடுதல் கழகத்தில் அங்கத்தவர் என்றும், விருப்பமென்றால் வந்து பார்க்கலாம் என்றும் சொன்னாள். அங்கே சத்தம் எப்போது வரும் என்று தீர்மானிப்பது உன்னுடைய விரல்தான் என்றாளாம்.

மாக்கிரட் போனாள். பிறகும் போனாள். உரிமத்துக்கு விண்ணப்பித்தபோது அந்தத் தாளில் துணைவர் கையெழுத்திடவும் ஓர் இடம் இருந்தது. எமிலியானுஸ் அந்தத் தாளைத் தொடாமல் ஒரு நவநாள் முழுக்க, ஒன்பது நாளும், மாதாவிடம் செபம் சொன்னார். நவநாள் முடிந்த அன்று எழுந்து போய்க் கையெழுத்து வைத்தார். மாதா என்ன சொன்னார் என்று மகள் றொஷினி கேட்டாள்.

"மாதா ஒண்டும் சொல்லேல்லை," என்றார். "கொம்மாவும் ஒண்டும் சொல்லேல்லை. ரெண்டு பொம்பிளையளும் சொல்லாமல் இருந்தா நான் என்ன செய்யிறது?"

காகிதத்தில் வரைந்த வட்டங்களைத்தான் அவள் சுட்டாள். வேட்டைக்கு யார் கூப்பிட்டும் போகவில்லை. பிறகு தோட்டாவையும் வீட்டிலேயே செய்யத் தொடங்கினாள். சுட்டு முடிந்த தோட்டாவின் வெறும் பித்தளைக் கோதைத் துடைத்து, அடியிலே உள்ள சின்னக் குழிக்குள் புதிய பிரைமர் ஒன்றை வைத்து அழுத்தி, வெடிமருந்து அளந்து போட்டு, கோதின் வாயில் ஈயச் சன்னத்தைப் பொருத்த வேண்டும். பிரைமர் என்பது துவரம்பருப்பளவு உலோகக் கிண்ணி. துப்பாக்கியின் ஊசி அதில்தான் அடிக்கும். சத்தம் அங்கேதான் பிறக்கும். அது குழிக்குள் முழுக்க இறங்காமல் நின்றால் சரிவராது. நசுங்கும்படி அழுத்தினாலும் சரிவராது. மாக்கிரட் அதற்கு ஒரு கைக்கருவி வைத்திருந்தாள். பாக்குவெட்டியைப் பிடிப்பதுபோலப் பிடித்து, கட்டைவிரலால் அமுக்குவது. இதெல்லாம் வீட்டின் நிலக்கீழ் அறையில் நடந்தது. எமிலியானுஸ் அந்தப் படியில் கால் வைப்பதில்லை.

"மற்ற அம்மாமார் பின்வளவில கத்தரிக்காய் வைக்கினம்," என்று றொஷினி நக்கலடிப்பாள்.

"கத்தரிக்காய்க்கு அணில் வரும். இதுக்கு வராது," என்பாள் மாக்கிரட்.

இரண்டு குளிர்காலங்களுக்கு முன்பு அவளுடைய வலது கட்டைவிரல் மூட்டு வீங்கத் தொடங்கியது. எத்தனையோ வருடங்கள் தட்டு அடுக்கிய கை அது. மருத்துவர் மாத்திரை கொடுத்தார். எமிலியானுஸ் நல்லெண்ணெயில் கற்பூரம் போட்டுச் சூடாக்கி, சாப்பாட்டுக்குப் பிறகு அந்த விரலை மடியில் வைத்துத் தேய்த்துவிடுவார். விரல் இளகும். அவள் சவர்க்காரம் போட்டுக் கையைக் கழுவிவிட்டுக் கீழே போவாள்.

அதையடுத்த வசந்தகாலம், சுடுமிடம் திறந்த முதல் சனிக்கிழமை. சுடுமிடம் ஆற்றுக்கு அப்பால், சோளவயல்களுக்கு நடுவில் இருக்கிறது. வழமைபோல எமிலியானுஸ்தான் காரோட்டிப் போனார். வழமைபோலக் கார்க் கண்ணாடிகளை ஏற்றி, பாட்டுப் போட்டுக்கொண்டு தூரத்திலேயே நின்றார். மாக்கிரட் சொன்ன நேரத்துக்கு முன்பே திரும்பி வந்து கதவைத் திறந்தாள்.

"ஏன், என்ன நடந்தது?"

"வெடிக்கேல்லை. ஒண்டு விட்டு ஒண்டு. ஊசி அடிச்ச அடையாளம் இருக்கு, ஆனா வெடிக்கேல்லை."

அவள் பெல்ட்டைப் போடாமல் வலது கையை மூக்கருகே கொண்டுபோய், கட்டைவிரல் நகத்தடியை மணந்து பார்த்தாள்.

"எண்ணெய்," என்றாள்.

பிரைமருக்குள் எண்ணெய் ஊறினால் அது செத்துவிடும் என்பது அந்த வேலை செய்கிறவர்களுக்கெல்லாம் தெரியும். அவளுக்கும் தெரியும். ஆனால் நோவுக்கு எண்ணெய் தேய்ப்பதை அவள் எண்ணெய் என்றே எண்ணியதில்லை. அது மருந்து, அது புருசனின் கை. சவர்க்காரத்துக்குத் தப்பி நகத்தடியிலும் ரேகையிலும் தங்கியிருந்தது.

எமிலியானுஸின் முகம் கறுத்துப்போனது. அதைப் பார்த்து அவள் சிரித்துவிட்டாள்.

"உங்கட எண்ணெய் நல்ல எண்ணெய்தானப்பா. சுடுற துவக்குக்கே வருத்தம் மாறிப்போச்சு."

அவர் சிரிக்கவில்லை. சோளவயல்களைக் கடந்து வரும்போது தன் மனதுக்குள் ஒரு சந்தோசம் எட்டிப் பார்ப்பதை அவர் கண்டார். எண்ணெய் தேய்க்காவிட்டால் அந்த விரல் அமுக்காது. தேய்த்தால் பிரைமர் சாகும். கையுறை போட்டால் விரலுக்கு ஒன்றும் தெரியாது, தெரியாமல் அந்த வேலையைச் செய்யமாட்டேன் என்று அவள் எப்போதோ சொல்லிவிட்டாள். அப்படியானால் இத்தோடு முடிந்தது. இனி வீட்டில் அந்தச் சாமான் இருக்காது. இந்த எண்ணம் அவருக்கு நிம்மதியாக இருந்தது. நிம்மதியாக இருந்ததே வெட்கமாகவும் இருந்தது.

ஜினெட் அப்படி விடவில்லை. அடுத்த கிழமை தன்னிடமிருந்த, பிரைமர் அழுத்தும் மேசைக் கருவியைக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டு, பிடித்தால் வைத்துக்கொள், இல்லையென்றால் திருப்பித் தா என்று சொல்லிப் போனாள். வார்ப்பிரும்பு. மேசையில் துளைபோட்டுத் திருகாணியால் முடுக்க வேண்டும். நீளமான கைப்பிடி, முழங்கையாலேயே அமுக்கலாம், கட்டைவிரலுக்கு அதில் வேலையே இல்லை. மாக்கிரட்டால் அதைத் தூக்க முடியவில்லை. தூக்கிக்கொண்டு போய்க் கீழே வைக்க வேண்டியவர் எமிலியானுஸ்தான்.

"கவனமப்பா, படியில தட்டிப்போடாதேங்கோ."

"தட்டினா வெடிக்குமோ?"

"அது வெறும் இரும்பு. உங்கட கால்தான் வெடிக்கும்."

அப்படித்தான் அவர் முதல்தடவையாக அந்த அறைக்குள் போனார். என்னவோ பயங்கரத்தை எதிர்பார்த்திருந்தவருக்கு அங்கே கண்ணில் பட்டது ஒரு மேசை, ஒரு விளக்கு, பூட்டிய அலுமாரி, சுவரில் அந்தோனியார் படம். வெடிமருந்து எதுவும் வெளியே இல்லை. கோதுகள் மரத்தட்டில் வரிசையாக நின்றன. துடைத்த நிலம். பூசைக்கு முன் கோயில் இருக்குமே, அப்படி ஓர் அமைதி.

"ரெண்டையும் பாத்துச் சொல்லுங்கோ," என்றாள்.

"எனக்கென்ன தெரியும்?"

"பாக்கத் தெரியும்தானே."

அவருக்கும் ஒரு பாதுகாப்புக் கண்ணாடி கொடுத்துப் போடச் சொன்னாள். இடுக்கியால் ஒரே ஒரு பிரைமரை எடுத்துக் கைக்கருவியில் வைத்தாள். கோதைப் பொருத்தினாள். கண்ணை மூடிக்கொண்டாள். கட்டைவிரல் மெல்ல அமுங்கியது. வலி அவளுடைய தாடையில் தெரிந்தது. ஆனால் முகத்தில் தெரிந்தது வலி மட்டுமல்ல. பக்கத்து அறையில் தூங்கும் குழந்தையின் மூச்சைத் தாய் கவனிப்பதுபோல, அவள் அந்த விரலின் நுனியைக் கவனித்துக்கொண்டிருந்தாள். எங்கேயோ ஓரிடத்தில் விரல் நின்றது. கண்ணைத் திறந்தாள். கோதைத் திருப்பி அடிப்பக்கத்தை விரல் சதையால் தடவிப் பார்த்தாள்.

"இருந்திட்டுது," என்றாள்.

"எப்பிடித் தெரியும்?"

"முதல்ல இறுக்கமா இருக்கும். பேந்து வழி விடும். பேந்து, போதும் எண்டு சொல்லும்."

எமிலியானுஸ் குனிந்து அந்தக் கோதின் அடியைப் பார்த்தார். வானத்திலிருந்து விழும் சத்தத்தை மட்டுமே அவர் அறிந்திருந்தார். யாரோ, எங்கிருந்தோ, எப்போது என்று தெரியாமல் அனுப்புவது. அந்தச் சத்தத்துக்கு இப்படி ஒரு பிறப்பிடம் உண்டென்றும், அது பருப்பளவு என்றும், ஒரு விரல் அதனிடம் போதுமா என்று கேட்டு நிற்கலாமென்றும் அவர் நினைத்தே பார்த்ததில்லை. ஒன்றை அறிந்துகொண்டால் பயம் விலகும் என்று படித்தவர்கள் சொல்வார்கள். மாக்கிரட்டைப் பார்த்தால் அதையும் அப்படியே ஒப்புக்கொள்ள முடியாது. போன மாதம்கூடக் குசினியில் சட்டிமூடி விழுந்தபோது அவள் குந்தினாள். பயம் அப்படியேதான் இருந்தது. அதை வைத்துக்கொண்டேதான் அவள் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறாள். அவர் எளிதில் வியப்பவர் அல்ல. பங்குக் கோயிலில் யாராவது அற்புதம் நடந்ததென்று சாட்சியம் சொன்னால்கூடக் கடிகாரம் பார்ப்பவர். அன்று அந்த மேசையருகில், பூசையில் தேவநற்கருணையை உயர்த்திக் காட்டும்போது நிற்பதுபோல, கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

பிறகு மேசைக் கருவியைக் கவ்வியால் ஓரமாகப் பிடித்துவைத்துச் சோதித்தாள். கைப்பிடியை அமுக்கினாள். சுகமாக இறங்கியது. தடவிப் பார்த்தாள். குறையில்லை.

"நோகேல்லைத்தானே?" என்று கேட்டார்.

"நோகேல்லை. ஆனா இது மெதுவாத்தான் கதைக்குது. காது குடுத்துக் கேக்கவேணும்."

"அப்ப எது?"

"யோசிப்பம்."

அந்தக் கிழமை முழுவதும் இரண்டு கருவிகளும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. எமிலியானுஸுக்கு ஒரு கவலை பிடித்தது. அது முன்பிருந்த கவலைக்கு நேர்மாறானது. எங்கே இரண்டும் வேண்டாமென்று விட்டுவிடுவாளோ என்று பயந்தார். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு எண்ணெயைச் சூடாக்காமல், வெறுங்கையால் அந்த விரலைப் பிடித்துக்கொண்டு மட்டும் இருந்தார்.

"அம்மா அந்த இரும்பையே வைக்கட்டும், பப்பா. ஈஸி," என்றாள் றொஷினி.

"கொம்மாவிட்டச் சொல்லு."

"சொன்னனான். பிரெஞ்சில மெர்சி எண்டு நன்றி சொல்லிப்போட்டுப் போறா."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எமிலியானுஸ் கோயிற் கணக்கு விசயமாக நின்றுவிட்டார். மாக்கிரட் மகளோடு முன்னால் வந்துவிட்டாள். அவர் வீட்டுக் கதவைத் திறந்தபோது கீழேயிருந்து துளைக்கருவியின் இரைச்சல் கேட்டது. சப்பாத்தைக் கழற்றிவிட்டு இறங்கினார்.

அவள் மேசைக் கருவியை முடுக்கி முடித்து மரத்தூளை ஊதிக்கொண்டிருந்தாள். கைக்கருவியைத் துணியில் சுற்றி அலுமாரிக்குள் வைத்தாகிவிட்டது. அவள் வழமையாக உட்காரும் முக்காலி மேசையின் நடுவில் இருந்தது. நடுவில் இடமும் இருந்தது. ஆனால் கருவி அங்கே இல்லை. இடது ஓரத்தில், கைப்பிடி அவளுக்கு எட்டாமல் வெளியே பார்க்கும்படி இருந்தது. அந்த ஓரத்துக்கு முன்னால் மேலே சாப்பாட்டு மேசையிலிருந்து கொண்டுவந்த கதிரை ஒன்று. அவர் எப்போதும் உட்காரும், ஒரு கை கழன்ற கதிரை. அதில் அன்று அவர் போட்ட பாதுகாப்புக் கண்ணாடி.

தனியே செய்வதற்கென்றே ஜினெட் கொடுத்த கருவி அது. யாருடைய உதவியும் இல்லாமல் முழங்கையால் அமுக்கலாம்.

எமிலியானுஸ் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு கதிரையில் உட்கார்ந்தார். கைப்பிடி அவருடைய கைக்குச் சரியான உயரத்தில் இருந்தது. மாக்கிரட் கோது ஒன்றைப் பொருத்தினாள். இடுக்கியால் பிரைமரை வைத்தாள். வைத்துவிட்டுத் தன் கையை எடுத்துக்கொண்டாள்.

அவர் அமுக்கினார். முதலில் இறுக்கமாக இருந்தது. பேந்து வழி விட்டது. பேந்து அவர் நிறுத்தினார்.

அவள் கோதைக் கழற்றி, வீங்கிய கட்டைவிரலால் அடிப்பக்கத்தைத் தடவிப் பார்த்து, மரத்தட்டில் நிறுத்தினாள். அடுத்ததைப் பொருத்தினாள்.

வாணவேடிக்கை இரவுகளில் இன்றும் இருவரும் நடைவழியில்தான் உட்காருகிறார்கள். அந்தத் துளைகளை ஏன் மேசையின் ஓரத்தில் போட்டாள் என்று மாக்கிரட் சொன்னதில்லை.